உள்ளே வந்த நேரம்

விடுதி வாசல் நோட்டில், போகுமிடம் என்ற கட்டத்தில் கோயில் என்று எழுதினேன். எந்தக் கோயில் என்று வாட்ச்மேன் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் விடுதிப் பயல்கள் எல்லாரும் கோயில் என்றுதான் எழுதுவார்கள், சர்ச்சுக்குப் போகிறவனும் கோயில், பரோட்டாக் கடைக்குப் போகிறவனும் கோயில். வெளியே போன நேரம் 8.30. கையெழுத்து, மாயழகு. என் பெயர் கோணலாக விழுந்தது. நேற்று சாயங்காலம் அவன் பெயர் கோணவில்லை. பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்தில் அதுதான் திரும்பத் திரும்ப வருகிறது, எவ்வளவு சுத்தமாகப் போட்டேன் என்பது. லிவிங்ஸ்டன், அறை 214, இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல், போகுமிடம் மதுரை, வெளியே போன நேரம் 1.15, உள்ளே வந்த நேரம் 6.20. அதற்கு நேராக லிவி என்று அவன் போடுகிற மாதிரியே முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, கடைசி எழுத்தின் வாலைத் தூண்டில் முள் போல மேலே வளைத்து, கீழே ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைக்கூட மறக்கவில்லை. அவன் உள்ளே வரவில்லை. ஆறு இருபதுக்கும் வரவில்லை, ஒன்பது மணி அட்டென்டன்ஸுக்கும் வரவில்லை, இன்று காலை பொங்கல் போடும்போதும் வரவில்லை, இந்த நிமிடம் வரைக்கும் வரவில்லை. நோட்டில் மட்டும் வந்துவிட்டான். நோட்டில் அவன் என் பெயருக்கு அடுத்த வரியில், 214-ல், கட்டிலில், பத்திரமாக இருக்கிறான். அதனால் உலகத்தில் யாரும் அவனைத் தேடவில்லை. நான் மட்டும் தேடிப் போகிறேன், எங்கே விட்டுவிட்டு வந்தேனோ அங்கே, பழைய கல்குவாரிக்கு.

பஸ்ஸில் கூட்டமில்லை. முன்பக்கம் ஏழெட்டுப் பெண்கள், ஒரு பூக்கூடை, கம்பியில் மாட்டிய ஒரு கறிக்கடைப் பை. பையின் மூலையிலிருந்து சொட்டுகிறது, கண்டக்டர் அதைத் தாண்டித் தாண்டி வருகிறார். பழக்கத்தில் பாஸை எடுத்து நீட்டிவிட்டேன். "லீவு நாள்ல பாஸ் செல்லாது தம்பி, தெரியாதா?" என்றார். "டிக்கெட்டே குடுங்கண்ணே. குவாரி விலக்கு, ஒண்ணு." "அங்க என்ன சோலி?" "ஃப்ரெண்டு ஒருத்தனைப் பாக்கணும்ணே." "அங்க எவன்யா குடியிருக்கான், ஆடுதான் மேயுது," என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார், பூக்கூடைக்காரம்மா சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரிப்பு வந்ததே என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. நேற்று வேறு கண்டக்டர், பெரிய மீசை. நேற்று ரெண்டு டிக்கெட் கேட்டேன். திரும்பி வரும்போது ஒன்று கேட்டேன், அதே பஸ்தான் போய்த் திரும்பி வந்தது, அதே மீசைதான், "இன்னொருத்தன் எங்கப்பா?" என்று கேட்டார். அவர் கேட்டார். எங்களை முன்னே பின்னே தெரியாத மனுஷன் கணக்காகக் கேட்டார். "அவன் அடுத்த பஸ்ல வருவாண்ணே." யோசிக்காமல் வாயில் வந்தது. நேற்றிலிருந்து யோசிக்காமல்தான் எல்லாம் வாயில் வருகிறது. வாரத்தில் எங்களுக்கு என்று இருப்பது ஒன்றரை நாள். சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு வகுப்பு முடியும், சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவாமல் ஓடி நோட்டில் கையெழுத்துப் போட்டால் ஆறரை வரைக்கும் வெளியே. ஆறரைக்கு மேல் ஒரு நிமிடம் ஆனால் மன்னிப்புக் கடிதம், வீட்டுக்குப் போன். ஞாயிறு காலை துணி துவைக்க வாளி வரிசை, மத்தியானம் சிக்கன், அதற்கு ஒரு வரிசை, சாயங்காலம் மறுபடி ரெக்கார்டு நோட்டு. இந்த ஒன்றரை நாளை எப்படிப் பிடித்து இழுத்து நீட்டுவது என்பதுதான் முதல் வருடத்தில் நாங்கள் படித்த முதல் பாடம். வினோபா, லிவி, நான், 214-ன் மூன்று பேரும் ஒரு மழை நாளில் ரஃப் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒருவன் கையெழுத்தை மற்றவன் போட்டுப் போட்டுப் பழகினோம். வினோபாவுடையது எளிது, கிறுக்கல். என்னுடையது ஸ்கூல் பிள்ளை எழுத்து. லிவியுடையதுதான் வரவே இல்லை, அந்த வால், அந்த முள். "மணிக்கட்டை வைக்காத லேய், வலை எறியது மாதிரி எறி," என்று அவன்தான் என் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தான். நாற்பது தடவை, ஐம்பது தடவை. கடைசியில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "இது எனக்கதா ஒனக்கதா?" என்று அவனே கேட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

ராத்திரி அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் பரமகுரு சார் திருப்தியானார். உதவி வார்டன், எங்களுக்குக் கணக்கும் எடுப்பவர். நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு அறை அறையாக வருவார், உள்ளே வந்த நேரம் காலியாக இருக்கிறவனைத்தான் தேடுவார், நேரம் போட்டிருந்தால் கதவில் நின்று தலையை மட்டும் நீட்டுவார். "லிவிங்ஸ்டன்?" "குளிக்கிறான் சார்." நான்தான் சொன்னேன். வினோபா வாயைத் திறப்பதற்குள் சொன்னேன். "ஒம்பது மணிக்கு என்னடா குளியல்?" "வெயில்ல சுத்திட்டு வந்தோம் சார், வேர்வை." டிக். அடுத்த அறை. வினோபா கதவைச் சாத்திவிட்டு, "பெரிய நடிகன்டா நீயி," என்றான். சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது, ஏனென்றால் அப்போது அவன் கடைசி பஸ்ஸைப் பிடித்திருப்பான், மெஸ்ஸுக்குப் பின்னால் சுவரேறிக் குதிப்பான், நாங்கள் எடுத்து வைத்த சப்பாத்தியைக் கேட்பான். ஏழு மணிக்குப் போட்ட போன் முழுதாக அடித்து நின்றது. எட்டு மணிக்கும் அடித்தது. பத்துக்கும் அடித்தது. பதினொன்றுக்கு ஸ்விட்ச் ஆஃப். "மதுரைல அவன் மச்சான் ஆனந்த் ரூம் இருக்குல்ல, பஸ்ஸை விட்டுட்டு அங்கிட்டுப் போயிருப்பான், போன மாசமும் இப்பிடித்தானே பண்ணான், நீ படு," என்றான் வினோபா. படுத்தேன். லிவியின் கட்டிலில் போர்வைக்குள் ரெண்டு தலையணையை ஆள் மாதிரி வைத்திருந்தோம், யாராவது எட்டிப் பார்த்தால் இருக்கட்டும் என்று. அதை எடுத்துவிடலாமா என்று தோன்றியது, எடுத்தால் கட்டில் காலியாகிவிடும், அதனால் எடுக்கவில்லை. நானே செய்து வைத்த அந்த உருவம் மூச்சு விடுகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் ஏழரைக்கு ஆனந்த் வாட்ஸப்பில் ஒரே வரி. இங்க வரலையே ப்ரோ. வினோபா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "சார்ட்ட சொல்லிருவமா?" சொல்லியிருக்கலாம். சொன்னால் ப்ராக்ஸி கையெழுத்துக்கு மூன்று பேருக்கும் விடுதி கிடையாது, வீட்டிலிருந்து ஆள் வந்து பிரின்சிபால் அறை வாசலில் நிற்க வேண்டும். என் அப்பா எப்படி நிற்பார் என்று மனதில் பார்த்துவிட்டேன், சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு, செருப்பை வெளியே கழற்றிவிட்டு. அங்கே யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள், அவராகக் கழற்றுவார். ஒருவனைக் காணவில்லை, எனக்கு முதலில் கண்ணில் வந்தது செருப்பு. "நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன், அதுக்கப்புறம் சொல்லலாம்," என்றேன். "எங்க போய்ப் பாப்ப?" "குவாரிலதான்." "அங்கயே ராத்திரி படுத்துக் கெடப்பானாடா?"  கேட்ட பிறகு வினோபாவே சட்டென்று வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

பஸ் ஜன்னலுக்கு வெளியே சுவரெல்லாம் போஸ்டர். காதணி விழா, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி. பார்க்கக் கூடாது என்றால் அதுதான் கண்ணில் படுகிறது, மாலைக்குள் ஒரு முகம், தோற்றம், மறைவு, ரெண்டு புறமும் ஊதுபத்தி. சட்டைப் பையில் போன் அதிர்கிறது. லிவி அம்மா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஒன்பதே காலுக்கு அவனுக்குப் போன் போடுவாள், அவன் எடுக்கவில்லையென்றால் எனக்கு. குளச்சல் பக்கம் வீடு, அவன் அப்பா விசைப்படகில் போனால் பத்து நாள், பதினைந்து நாள், அதனால் அந்தம்மாவுக்கு எல்லாப் பேச்சும் மகனோடுதான். அடித்து நிற்கட்டும் என்று வைத்திருந்தேன். நின்றது. மறுபடி அடித்தது. முன்சீட்டில் பூக்கூடைக்காரம்மா திரும்பிப் பார்த்தாள், எடுக்க வேண்டியதாயிற்று. "மக்களே, அழகு, எனக்க பயலுக்க போன் கிட்டல்லயே. எழும்பினானா அவன்?" "எந்திரிச்சுட்டாம்மா." "போனை ஏன் அணைச்சுப் போட்டிருக்கான்?" "சார்ஜ் இல்லம்மா." "எங்க, ஒண்ணு குடு பாப்போம்." பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது, கறிப்பை ஆடியது. "குளிக்கிறாம்மா," என்றேன். மறுபடியும். வேறு எதுவும் சொல்லியிருக்கலாம், சாப்பிடப் போயிருக்கிறான், துணி காயப்போடுகிறான், கிரிக்கெட். அந்தம்மா சிரித்தாள். "சின்னதுலயே அப்படித்தான், தண்ணியக் கண்டா வெளிய வரமாட்டான். செரி மக்களே, குளிச்சு முடிச்ச ஒடனே எனக்கு ஒரு அடி அடிக்கச் சொல்லு. நெத்திலிக் கருவாடு குடுத்துவிடணும், யாரு வாரான்னு கேக்கணும்." "சொல்றேம்மா." "நீ என்ன, பஸ்ஸுல போறியா? சத்தம் கேக்கு." "கோயிலுக்கும்மா." "நல்லா வேண்டிக்கோ மக்களே," என்று வைத்துவிட்டாள்.  அவன் அம்மா வேண்டிக்கொள்ளச் சொன்னாள். என்ன என்று வேண்டுவது? அவன் ஏதாவது லாட்ஜில், ஏதாவது போலீஸ் ஸ்டேஷனில், பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து ஏதாவது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றுதான் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். கால் முறியட்டும். ரெண்டு காலும் முறியட்டும். ஒருவனுக்கு நல்லது நினைத்து இப்படியெல்லாம் வேண்டுகிற இடத்துக்கு நேற்று ஐந்து மணியிலிருந்து இன்று ஒன்பதே காலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறேன். அவனுக்கு நீச்சல் தெரியும். அதை மறக்கக் கூடாது. ஏழு வயதில் கட்டுமரத்திலிருந்து கடலுக்குள் சாடினவன், குதிப்பதை அவன் அப்படித்தான் சொல்வான். நீச்சல் தெரியாதது எனக்குத்தான், எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் அது நியாயம். ஆனால் ரெண்டு வாரம் முன்னால் அவனே சொன்னானே, பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னானே, "கடல் ஆளைத் தூக்கும் லேய். இந்தத் தண்ணி தூக்க மாட்டேங்கு. மேல வெந்நி, ஆளுயரம் கீழ போனா ஐஸு. காலைப் பிடிச்சு இழுக்க மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு அதுவும் ஒரு விளையாட்டு என்பது போலச் சிரித்தான்.

அந்த ரெண்டு வாரம் முன்னால்தான் எல்லாவற்றுக்கும் காரணம், அல்லது காரணம் என்று நான் பிடித்துக்கொள்ள இருக்கிற ஒரே கம்பி. அன்று மூன்று பேரும் வந்திருந்தோம். லிவி மேல்பாறையிலிருந்து சாடினான், உள்ளே போனான், வரவில்லை. வட்டம் வட்டமாக விரிந்தது, நின்றது. பச்சைத் தண்ணீர், அசைவே இல்லை, எதிர்ப்பாறையில் வெடி வைக்கத் துளைத்த கோடுகள் வரிசையாக அப்படியே தண்ணீருக்குள்ளும் இறங்கின. வினோபா எண்ண ஆரம்பித்தான். ஐம்பதைத் தாண்டியபோது நான் அழுதுவிட்டேன், ஓவென்று, மண்டியிட்டு, அவன் பெயரைச் சொல்லி. அந்தப் பக்கம் பாறை இடுக்கில் தலையை மட்டும் நீட்டி அவன் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்று ராத்திரிக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்குப் பெயர் வைத்தார்கள், கண்ணீர் அஞ்சலி. மெஸ் வரிசையில், "கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு ஆம்லெட்." வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து, "கண்ணீர் அஞ்சலி, ஆழ்ந்த வருத்தத்துடன், இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் நண்பர்கள்." ஒருவன் என் போட்டோவை மாலைக்குள் வைத்து செல்போனில் செய்து எல்லாருக்கும் அனுப்பினான். லிவிக்கு அனுப்பியதை லிவி எனக்கு அனுப்பினான். ரெண்டு வாரம் நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நேற்று மதுரைக்குப் போவதாகத்தான் பேச்சு, செருப்பு வாங்கணும், பெரிய தியேட்டரில் ஏதாவது பார்க்கணும். வினோபாவுக்கு ரெக்கார்டு பாக்கி, வரவில்லை. பரோட்டாக் கடையில் கை கழுவும்போது லிவி, "மதுரை எங்கயும் ஓடாது, வா குவாரிக்கு," என்றான். "நான் வரல." "பயமாக்கும் கண்ணீர் அஞ்சலிக்கு." போனேன். பயம் இல்லை என்று காட்டப் போனேன். மூன்றரைக்கு இறங்கினோம், அவன் சட்டையை மடித்து, அவன் ஊர் சர்ச் கால்பந்து டீமின் மஞ்சள் சட்டை, அதன் மேல் போனை வைத்து, சாடினான், ஏறினான், சாடினான். நான் மேலே உட்கார்ந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு எழுந்தேன். "அஞ்சேகாலு பஸ்ஸை விட்டா ஆறரைக்குள்ள போக முடியாதுடா, வா." "ஒரே ஒரு சாட்டம் லேய்." "இதோட பதினஞ்சாவது ஒரு சாட்டம்." "நீ போ. எனக்க கையெழுத்தை நீயே போட்டுரு, நான் கடைசி வண்டியில வாறேன். போற வழியில அழுதுராத." அதுதான் கடைசியாகச் சொன்னது. அழுதுராத. நான் திரும்பி நடந்தேன். வினோபாவிடம் இதுவரைக்கும்தான் சொல்லியிருக்கிறேன். கருவேல மரங்களுக்கு நடுவில் ஒற்றையடிப் பாதை, முள் செருப்பில் ஏறி ஏறி ஒடிந்தது. பின்னால் தண்ணீரில் விழுந்த சத்தம், கனமாக. பிறகு ஒன்றுமில்லை. பிறகு, "லேய்." ஒரே தடவை. பாறையில் பட்டு வந்ததால் ரெண்டு போலக் கேட்டது, ஒரு தடவைதான். நான் நின்றேன். அதை எனக்கு நானே மறைக்க முடியாது, நின்றேன், செருப்பில் ஏறிய முள்ளைப் பிடுங்குவது போல ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் ஓட வேண்டும், ஓடிப்போனால் பாறை இடுக்கில் தலையை நீட்டிச் சிரிப்பான், திங்கட்கிழமை மெஸ் வரிசையில் ரெண்டாம் ஆண்டு கண்ணீர் அஞ்சலி. இந்தத் தடவை ஏமாற மாட்டேன்டா என்று வாய்விட்டுச் சொன்னேன், யாரும் இல்லாத பாதையில். நடந்தேன். பஸ்ஸும் சரியாக வந்தது, ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை. அந்த லேய் எந்த லேய் என்பதுதான் ராத்திரி முழுக்க. சோப்புக் கேட்கும் லேய் ஒன்று உண்டு, சுவரேறிக் கைகொடுக்கச் சொல்லும் லேய் ஒன்று, சண்டைக்கு முந்தைய லேய் ஒன்று. எல்லாவற்றையும் எடுத்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், எதுவும் பொருந்தவில்லை. விடியற்காலையில் ஒன்று தோன்றியது, தோன்றியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கேலிக்குக் கூப்பிட்டிருந்தால் அவன் கண்ணீர் அஞ்சலி என்று முழுசாகக் கூப்பிட்டிருப்பான். ரெண்டு வாரமாக ஒரு தடவைகூட அதைக் குறைத்துக் கூப்பிட்டதில்லை. வாய் நிறையக் கூப்பிட மூச்சு வேண்டும்.

"குவாரி விலக்கு, எறங்கு எறங்கு." இறங்கினேன். பஸ் போன பிறகு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது. துருப்பிடித்த பலகை, ஆழமான பகுதி, குளிக்கத் தடை, நேற்று அதில் அவன் ஈரக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான், இல்லை, அது போன தடவை, நேற்று கை காய்ந்திருந்தது. எதையும் கலக்கக் கூடாது, யாராவது கேட்பார்கள், ஒழுங்காகச் சொல்ல வேண்டும். பாதையில் நான் நின்ற இடம் தெரிந்தது, ஒடிந்த முள் கிடந்தது. அங்கிருந்து தண்ணீருக்கு எத்தனை எட்டு என்று எண்ணிக்கொண்டே போனேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை, தொண்ணூற்றாறு. ஓடியிருந்தால் அரை நிமிடம். மேல்பாறையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள், கையில் தொரட்டி, சுற்றிலும் வெள்ளாடுகள். அவள் பக்கத்தில் மஞ்சளாக, மடித்த மடிப்பு கலையாமல், அதன் மேல் ஒரு பெரிய கல். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டாள். "ஒஞ் சட்டையாப்பா?" என்றாள். "இல்ல." "நேத்துப் பொழுது சாயயில இருந்து கெடக்கு. ஆடு தின்னுரும்னு கல்லைத் தூக்கி வச்சேன். ராத்திரி ஆட்டை இங்கதான் அடைச்சுப் போட்டிருந்தேன், போனு ஒண்ணு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சுய்யா, அடிக்கும், நிக்கும், அடிக்கும். எடுத்தா நம்மள வம்புல இழுப்பாகன்னு எடுக்கல. குளிக்க வந்த பிள்ளைக மறந்துட்டுப் போயிருப்பாக, காலைல வருவாகன்னு பாத்தேன்." கல்லைத் தூக்கினாள், போனை எடுத்து நீட்டினாள், அது இருட்டாக இருந்தது. ஜோடிச் செருப்பு பாறை ஓரத்தில் தண்ணீரைப் பார்த்து. நான் அடித்த மூன்று போனும் இங்கே, இந்தப் பாறையில், இந்த ஆடுகளுக்கு அடித்திருக்கிறது. தண்ணீரைப் பார்க்கவில்லை, செருப்பையே பார்த்துக்கொண்டு பரமகுரு சாருக்குப் போட்டேன். "சார், லிவிங்ஸ்டன் நேத்து குவாரில குளிக்கப் போனான் சார், வரல சார், சட்டை இங்கயே இருக்கு." "எந்த லிவிங்ஸ்டன், 214-ஆ? இரு." காகிதம் புரளும் சத்தம். அவ்வளவு தெளிவாகக் கேட்டது, எச்சில் தொட்டுப் புரட்டுவது. "ஆறு இருபதுக்கு உள்ள வந்திருக்கானேப்பா. அவன் கையெழுத்துதான், போன வாரத்தோட வச்சுப் பாத்துட்டேன், அதேதான்." "அது நான் போட்டது சார்." அந்தப் பக்கம் யாரோ கதவைச் சாத்தினார்கள், அவராகத்தான் இருக்கும். குரல் சின்னதாகிவிட்டது. "அங்க வேற யாரு இருக்கா?" "ஆடு மேய்க்கிற அம்மா சார்." "அவங்ககிட்டப் பேசாத. யாருக்கும் போன் பண்ணாத. மொதல்ல கெளம்பி இங்க வா. தீயணைப்பு, போலீஸு எல்லாம் நாங்க சொல்லிக்கிறோம். மாயழகு, கேக்குதா? இன்னைக்குக் காலைல வெளிய போனவங்க பக்கத்துல ஒரு வரி காலியா இருக்கு. அவன் கையெழுத்து உனக்குத்தான் நல்லா வருதே. ஏழு மணின்னு இருந்தா ஒனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது." ஏழு மணி. காலை ஏழு மணிக்கு அவன் எழுந்து, நோட்டில் வாலை வளைத்து, புள்ளி வைத்து, நல்ல வெளிச்சத்தில் தனியாக இங்கே வந்து சாடுகிறான். அப்போது நான் பாதையில் நிற்கவில்லை. அப்போது யாரும் யாரையும் கூப்பிடவில்லை. என் வலதுகை, போன் பிடிக்காத கை, தொடைமேல் தன்னால் அசைவதைப் பார்த்தேன், மணிக்கட்டை வைக்காமல், எறிவது மாதிரி. அதை மூடிக்கொண்டேன். காதில் டொக் டொக் என்று இன்னொரு அழைப்பு. எடுத்துப் பார்த்தேன், லிவி அம்மா. சார் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவரை விட்டுவிட்டு இதை எடுத்தேன். "மக்களே, குளிச்சு முடிச்சானா அவன்?" ஆட்டுக்காரம்மா மஞ்சள் சட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள். அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தேன். அசையவில்லை. "அம்மா," என்றேன், "நேத்து சாயங்காலம் அவன் வரலம்மா. வந்ததா எழுதி அவன் கையெழுத்தை நான்தான் போட்டேன்." அந்தப் பக்கம் சர்ச் மைக்கில் யாரோ அறிவிப்பு படிப்பது கேட்டது. பிறகு, ஒரு சின்ன சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிற குரலில், "நீ எதுக்குப் போட்டே?" என்றாள். "அவனுக்க கைக்கு என்ன மக்களே?"